அழுக்கு எங்கே போகிறது? சுற்றுச்சூழல் பொறியியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் ‘சுற்றுச்சூழல் பொறியியல்’ என்ற பெயர் பட்டியலில் கண்ணில் படும். உடனே பலருக்கும் மரம் நடுவது, கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, பள்ளிப் பிள்ளைகளை வைத்து விழிப்புணர்வுப் பேரணி நடத்துவது என்றெல்லாம் நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலைக்கு அனுமதிக் காகிதம் வாங்கித் தருகிற வேலைதானே என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. மரம் நடுவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு நான்கு வருடம் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. அனுமதி வாங்குவது இந்த வேலையில் ஒரு சிறு ஓரம் மட்டுமே.

குளித்த தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர், சாயப்பட்டறைத் தண்ணீர், புகைபோக்கியில் ஏறும் புகை, தெருவில் சேரும் குப்பை இவை எல்லாம் நம் கையை விட்டுப் போன பிறகு ஏதோ ஓர் இடத்துக்குப் போய்ச் சேருகின்றன. அந்த இடம் எது, அங்கே எந்த வடிவத்தில் போய்ச் சேருகின்றன, அதனால் யாருக்காவது கெடுதல் வருமா என்று எண்களில் கணக்குப் போட வேண்டும். கெடுதல் வராதபடி குழாயும் தொட்டியும் வடிகட்டியும் வடிவமைத்துக் கட்ட வேண்டும். கட்டியதைத் தினமும் பழுதில்லாமல் ஓட்ட வேண்டும். இதுதான் சுற்றுச்சூழல் பொறியியல். குடிநீரைச் சுத்தப்படுத்திக் கொடுப்பதும் இதே துறைதான். பழைய பொறியாளர்கள் இதைப் பொது சுகாதாரப் பொறியியல் என்றே சொல்வார்கள். காலராவும் டைபாய்டும் ஊரை அள்ளிக்கொண்டு போன காலத்தில் பிறந்த துறை இது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு

வீட்டில் மாதக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: வந்த பணம், செலவான பணம், மீதி இருக்கிற பணம் மூன்றும் பொருந்தியாக வேண்டும். இருபதாயிரம் வந்தது, பன்னிரண்டாயிரம் செலவு, கையில் மூவாயிரம் என்றால் ஐயாயிரம் எங்கேயோ போயிருக்கிறது. ‘காணாமல் போயிற்று’ என்று எழுதிக் கணக்கை மூட முடியாது. தேடித்தான் ஆக வேண்டும்.

பொருளுக்கும் இதே விதிதான். ஒரு தொட்டிக்குள், ஓர் ஏரிக்குள், ஒரு நகரத்துக்குள் எவ்வளவு பொருள் நுழைகிறதோ, அது வெளியே போயிருக்க வேண்டும், அல்லது உள்ளே தங்கியிருக்க வேண்டும், அல்லது வேறொரு பொருளாக மாறியிருக்க வேண்டும். நான்காவது வழி கிடையாது. இதை நிறைச் சமன்பாடு என்று சொல்கிறார்கள். முதல் வருடத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிற பாடம். ஆனால் துறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

‘சுத்திகரிப்பு’ என்று சொல்லும்போது அழுக்கு மறைந்துவிடுகிறது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. அழுக்கு மறைவதில்லை. தண்ணீரிலிருந்து சேற்றுக்கும், புகையிலிருந்து சாம்பலுக்கும், குப்பையிலிருந்து வாயுவுக்கும் இடம் மாறுகிறது, அல்லது உருமாறுகிறது. அது எங்கே போனது என்று கடைசி வரை துரத்திப் பார்ப்பவர்தான் நல்ல சுற்றுச்சூழல் பொறியாளர். பாதியில் துரத்துவதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஒரு பெரிய பாடம்.

லண்டன் தள்ளிவிட்ட சாக்கடை

1858ஆம் ஆண்டு கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே திண்டாடியது. நகரத்தின் மொத்தக் கழிவும் நதியில்தான் விழுந்துகொண்டிருந்தது, அதே நதியிலிருந்து பலர் தண்ணீரும் குடித்தார்கள். ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. நதிக்கு இணையாகப் பெரிய நிலத்தடிச் சாக்கடைகளைக் கட்டி, கழிவை வழியிலேயே மடக்கி, நகரத்துக்குக் கிழக்கே பல மைல் தள்ளிக் கொண்டுபோய் நதியில் விட்டார். லண்டனில் காலரா ஓய்ந்தது. மாபெரும் சாதனைதான், சந்தேகமில்லை.

ஆனால் கழிவு கழிவாகவேதான் இருந்தது, இடம் மட்டும்தான் மாறியது. 1878இல் ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற பயணிகள் கப்பல் அந்தச் சாக்கடை வாய்களுக்குப் பக்கத்தில் மோதி மூழ்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கழிவு கலந்த தண்ணீரில் விழுந்ததுதான் பலரின் சாவுக்குக் காரணம் என்று அன்றே பேசப்பட்டது. அதன் பிறகு கழிவிலிருந்து சேற்றைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சேற்றை 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்தப் பழக்கம் 1998 வரை நடந்தது. கணக்கு முழுவதையும் முடிக்க ஒரு நகரத்துக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

சாக்கடை கலந்த ஏரியில் மீன் ஏன் சாகிறது?

விஷம் கலந்ததால் மீன் செத்தது என்றுதான் பொதுவாகப் பேசுவோம். சில இடங்களில் அது உண்மை. ஆனால் வீட்டுச் சாக்கடை கலந்த ஏரியில் பெரும்பாலும் மீன் மூச்சு முட்டித்தான் சாகிறது.

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. அதைத்தான் மீன் செவுளால் இழுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரால் ஏழு, எட்டு மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். மிகக் குறைந்த சேமிப்பு. அந்தத் தண்ணீரில் சோறு, எண்ணெய், மலம் போன்றவை விழுந்தால் பாக்டீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதன் அளவுதான் உயிரி ஆக்சிஜன் தேவை. களத்தில் எல்லோரும் பிஓடி என்பார்கள். கழிவுநீர் மாதிரியை ஒரு குப்பியில் அடைத்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் சில நாள் வைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். உலகில் பல இடங்களில் 20 டிகிரியில் 5 நாள், இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள்.

வீட்டுச் சாக்கடையின் பிஓடி லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம். ஏரித் தண்ணீரில் இருப்பதோ ஏழு, எட்டு. அப்படியானால் ஒரு லிட்டர் சாக்கடை முப்பது லிட்டருக்கும் மேற்பட்ட நல்ல தண்ணீரின் ஆக்சிஜனைக் காலி செய்யும் வலுவோடு வருகிறது. ‘ஓடுகிற தண்ணீர் தானே சுத்தமாகிவிடும்’ என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காற்றிலிருந்து ஆறு மெல்ல மெல்ல ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கும் வேகத்தைவிடச் செலவாகும் வேகம் கூடிவிட்டால் ஆறு தேறாது. அடையாறும் கூவமும் கறுத்து நாறுவது இதனால்தான். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: அழுக்கு மறையாது, கணக்கில் எங்கேயாவது இருக்கும். அதைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்தத் தேவை இயற்கை தரக்கூடியதைவிடப் பெரிதாகும்போது நீர்நிலை சாகிறது.

மான்செஸ்டரில் கீழே கொட்டாமல் வைத்த சேறு

ஏரியில் எப்படியும் நடக்கப் போகிற அதே காரியத்தை ஒரு தொட்டிக்குள், நம் கட்டுப்பாட்டில், வேகமாக நடத்திவிட்டால் என்ன? இன்று உலகெங்கும் உள்ள கழிவுநீர் நிலையங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு யோசனையில்தான் ஓடுகின்றன.

கழிவுநீரில் காற்றை ஊதிப் பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. பயன் இருந்தது, ஆனால் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. ஊருக்குத் தினமும் கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் வரும்போது வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் மான்செஸ்டரில் ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள். ஒரு முறை காற்று ஊதி முடித்ததும் அடியில் பழுப்பாகப் படிகிற சேற்றைக் கொட்டாமல், அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். மறுபடி ஊதினார்கள். மறுபடி அதே சேற்றை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வாரக்கணக்கு வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. 1914இல் இதை வெளியிட்டார்கள்.

அந்தச் சேறு முழுக்க உயிருள்ள பாக்டீரியாக் கூட்டம். கொட்டிவிட்டால் அடுத்த முறை கூட்டத்தைப் புதிதாக வளர்க்க வேண்டும். வைத்துக்கொண்டால் பசியோடு காத்திருக்கும் கோடானுகோடி உயிர்கள் வரும் உணவை உடனே பிடித்துத் தின்றுவிடும். அதனால்தான் இதற்குக் கிளர்வுற்ற கசடு முறை என்று பெயர். இந்த ஆய்வுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் என்பது நம் பக்கத்துத் தொடர்பு.

இன்று ஒரு நிலையத்துக்குள் போனால் வரிசை இப்படி இருக்கும். முதலில் கம்பி வலை. துணி, பாலிதீன், நாப்கின் எல்லாம் அங்கே சிக்கும். அடுத்து மணல் படியும் தொட்டி. பிறகு சிறிது நேரம் அசையாமல் நிற்கவிட்டுக் கனமான கசடைப் படியவிடும் தொட்டி. அடுத்து ஏரேஷன் டேங்க். அடியில் இருந்து புளோயர் காற்றைத் தள்ள, கொதிப்பது போல் தண்ணீர் புரளும். பாக்டீரியாக்கள் தின்கிற இடம் இது. அங்கிருந்து இன்னொரு படியும் தொட்டி. பாக்டீரியாக் கூட்டம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் இறங்க, மேலே தெளிந்த தண்ணீர் வழிந்து வெளியே போகும். இறங்கிய சேற்றில் பெரும்பகுதியை மறுபடி ஏரேஷன் டேங்க்குக்கே அனுப்புவார்கள், ஆர்டனும் லாக்கெட்டும் செய்த மாதிரியே. மீதி வெளியேறும். அதைத்தான் ஸ்லட்ஜ் என்கிறார்கள்.

இந்தத் தொட்டியை ஓட்டுவது ஒரு கைத்தேர்ச்சி. அனுபவம் உள்ள ஆபரேட்டர் நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். சாக்லேட் பழுப்பும் மண் வாசமும் இருந்தால் நலம். கறுத்து நாறினால் காற்றுப் போதவில்லை. வெள்ளை நுரை பொங்கினால் பாக்டீரியாக் கூட்டம் இன்னும் சிறிதாகவே இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். தினமும் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டித் தண்ணீரை எடுத்து, முப்பது நிமிடம் அசைக்காமல் வைத்து, சேறு எந்தக் கோடு வரை இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இறங்காமல் பஞ்சு மாதிரி மிதந்தால் நூல் போன்ற வேறு வகை பாக்டீரியா பெருகிவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் புளோயரை அணைத்து வைக்கும் குடியிருப்புகளில் மறுநாள் நாற்றம் எடுப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்: மூச்சுக் காற்று நின்றால் அந்தக் கூட்டம் செத்துப்போகும்.

ஆயிரம் பேர் வாழும் குடியிருப்பில் ஒரு கணக்கு

எண்களைப் போட்டுப் பார்க்கலாம், கடினம் இல்லை. ஒரு குடியிருப்பில் ஆயிரம் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு இந்தியாவில் வைத்திருக்கும் திட்ட அளவு. அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் தினமும் 1,08,000 லிட்டர். லிட்டருக்கு 250 மில்லிகிராம் பிஓடி என்றால் மொத்தம் 27 கிலோ. நல்ல நிலையம் அதை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்துவிடும். வெளியேறும் தண்ணீரோடு போவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

மீதி 26 கிலோ எங்கே? தோராயமாகப் பாதி, பாக்டீரியாக்கள் மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போயிற்று. மற்றொரு பாதி பாக்டீரியாக்களின் உடம்பாகவே மாறிப் பெருகிவிட்டது. அந்த உடம்புதான் ஸ்லட்ஜ். காய்ந்த எடையில் 10 முதல் 15 கிலோ இருக்கும். ஆனால் அது 99 சதவீதம் தண்ணீராக வெளியே வருவதால் தினமும் ஆயிரம் லிட்டருக்கு மேல் கையாள வேண்டும். குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பற்றிப் பேசும்போது ‘தண்ணீர் தெளிவாக வருகிறதா’ என்று மட்டும் கேட்கிறார்கள். ‘இந்த மாதம் எத்தனை கிலோ ஸ்லட்ஜ் எடுத்தீர்கள், எங்கே அனுப்பினீர்கள்’ என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். ஸ்லட்ஜ் எடுக்கவே இல்லை என்று பதில் வந்தால் அந்த நிலையம் வேலை செய்யவில்லை, அல்லது இரவில் எங்கேயோ திறந்துவிடுகிறார்கள்.

பெரிய நிலையங்களில் இந்தச் சேற்றைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வைப்பார்கள். அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் கலந்த எரிவாயுவைத் தரும். சென்னை நிலையங்களில் அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். தெளிந்த தண்ணீரும் வீணில்லை. மணலியில் உள்ள ஆலைகள் சில 1990களிலேயே சென்னையின் கழிவுநீரை வாங்கிச் சுத்தப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கின. இப்போது கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் கழிவுநீரை இன்னும் பலபடி சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகின்றன. ஆலை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு வீட்டுக்கு மிச்சமாகும் நல்ல தண்ணீர்.

திருப்பூரும் உப்பும்

பாக்டீரியாக்கள் எதையும் தின்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சோற்றையும் எண்ணெயையும் தின்னும். உப்பைத் தின்னாது. உப்பை வேறொன்றாக உடைக்கவும் முடியாது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கதை இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஒட்டுவதற்கு உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்ஃபேட்டோ, சாயத் தொட்டியில் ஒவ்வொரு லிட்டருக்கும் பல பத்துக் கிராம் கணக்கில் போடுவார்கள். அது துணியில் தங்காது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு, தான் தண்ணீரோடு வெளியேறிவிடும். திருப்பூரில் பட்டறைகள் பெருகியபோது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். நிறம் ஓரளவு குறைந்தது, பிஓடி குறைந்தது. உப்பு அப்படியே ஆற்றில் போயிற்று. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின. பயிர் கருகியது, தென்னை காய்க்கவில்லை. தங்களைக் கேட்காமலே யாரோ போட்ட உப்பை அந்த நிலம் சுமக்க வேண்டியதாயிற்று.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றின் மொத்த அளவையும் டிடிஎஸ் என்கிறோம். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. சாயக்கழிவில் அது பல ஆயிரங்களில் இருக்கும்.

விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் பூஜ்யக் கழிவு வெளியேற்றம் என்ற முறை அங்கே ஒழுங்காக வேரூன்றியது. முதலில் பாக்டீரியா கொண்டு சுத்தம் செய்வார்கள். பிறகு வீட்டில் நாம் வைத்திருக்கும் ஆர்ஓ போன்ற, ஆனால் மிகப் பெரிய, சவ்வுகளின் வழியே அழுத்தித் தண்ணீரைப் பிரிப்பார்கள். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். எஞ்சிய கடும் உப்புநீரை எவாபரேட்டரில் கொதிக்கவைத்து உப்பை எடுப்பார்கள். அந்த உப்பும் முடிந்தவரை மறுபடி சாயத்துக்கே போகும்.

இங்கேயும் கணக்கை விடக் கூடாது. கொதிக்கவைக்க விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும், மின்சாரமும் ஏராளமாக வேண்டும். கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மூட்டைகளில் மிஞ்சும், அதை மழை படாமல் வைத்திருக்க வேண்டும். ஆகவே ‘பூஜ்யம்’ என்பது ஆற்றுக்குப் போகும் தண்ணீருக்கு மட்டும்தான். இருந்தும் நொய்யலைப் பொறுத்தவரை இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மூட்டையில் இருக்கும் உப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆற்றில் போன உப்பை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

இப்படிச் சொல்லலாம்: மக்கும் அழுக்கை உருமாற்றலாம். உப்பையும் உலோகத்தையும் பிரித்தெடுக்கத்தான் முடியும், பிரித்ததை வைக்க ஓர் இடம் தேவை.

புகைக்கும் குப்பைக்கும் அதே விதி

இந்திய நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல். அனல்மின் நிலையத்தில் ஆயிரம் டன் எரித்தால் முந்நூறு டன்னுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். புகைபோக்கிக்கு முன்னால் நிலைமின் வீழ்படிவாக்கி என்ற கருவி இருக்கும். சாம்பல் துகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, எதிர் மின்னேற்றம் உள்ள தகட்டில் ஒட்டவைத்து, தட்டி விழவைக்கும். நன்றாக ஓடினால் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். காற்று தப்பித்தது. பிடித்த சாம்பல்? வடசென்னையில் அதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்கள் ஒழுகி, எண்ணூர் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்தது. அந்தப் பகுதி மீனவர்கள் பல ஆண்டுகளாக இதற்கெதிராகப் போராடி வருகிறார்கள். புகைபோக்கியை வடிவமைத்தவரின் கணக்கு குட்டையோடு முடிந்துவிட்டது, குழாயின் பழுதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

குப்பைக்கு வருவோம். பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பையின் மேல் மழை பெய்யும்போது, அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு நீர் வடியும். கசிவுநீர் என்பது அதன் பெயர். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. முறையாகக் கட்டிய குப்பைக் கிடங்கில் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிவுநீரைக் குழாயில் சேகரித்துச் சுத்தம் செய்வார்கள். மேலே வரும் மீத்தேனையும் பிடிப்பார்கள். நம் பழைய கிடங்குகளில் இது எதுவும் இல்லை. இப்போது பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், கல், எரியக்கூடிய பிளாஸ்டிக் என்று பிரிக்கும் வேலை நடக்கிறது. எரியக்கூடியது சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்வது எதற்கு என்றால், கலந்த பிறகு பிரிக்க இத்தனை இயந்திரமும் இத்தனை பணமும் வேண்டியிருக்கிறது.

குழாயின் சரிவு

இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன எண். சாக்கடைக் குழாயில் தண்ணீர் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்குக் குறைந்தால் மணலும் மலமும் அடியில் படிந்துவிடும். 150 மில்லிமீட்டர் குழாய்க்கு அந்த வேகம் வேண்டுமென்றால் 200 மீட்டருக்கு 1 மீட்டராவது இறக்கம் இருக்க வேண்டும். சென்னை மாதிரித் தட்டையான ஊரில் இப்படி இறங்கிக்கொண்டே போனால் குழாய் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே ஆங்காங்கே பம்பிங் ஸ்டேஷன் கட்டி மேலே ஏற்றி, மறுபடி இறக்கத்தில் விட வேண்டும்.

செலவைக் குறைக்கச் சரிவைக் குறைத்தால், பம்பைத் தவிர்த்தால், குழாய் அடைக்கும். அடைத்தால் யாரையாவது உள்ளே இறக்குகிறார்கள். அங்கே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்வதால் நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுகிறார். கையால் கழிவு அகற்ற ஆள் வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும் இந்தச் சாவுகள் நிற்கவில்லை. இறக்கப்படுகிறவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சட்டமும் இயந்திரமும் வேண்டும்தான். அவற்றுக்கும் முன்னால், வரைபடத்தில் சரிவைக் குறிக்கும் பொறியாளரின் கை அந்த உயிரைக் காப்பாற்றியிருக்க முடியும். சாக்கடை வடிவமைப்பை மதிப்பெண் எளிதாக வரும் பாடம் என்று நினைத்துப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன படிப்பார்கள், எங்கே வேலை?

சுற்றுச்சூழல் அறிவியல் என்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறது, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏரியில் என்ன நடக்கிறது, எந்த உயிரினம் குறைகிறது, ஏன் குறைகிறது என்று ஆராய்வது அறிவியல். அதைச் சரிசெய்ய எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை குதிரைத்திறன் புளோயர், எவ்வளவு செலவு என்று முடிவெடுத்துக் கட்டுவது பொறியியல். ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காது.

பொறியியல் பக்கம் வந்தால் வேதியியலும் நுண்ணுயிரியலும் நீரியக்கவியலும் கணிதமும் சேர்ந்து வரும். பலரும் சிவில் அல்லது கெமிக்கல் இளநிலை முடித்துவிட்டு முதுநிலையில் இதை எடுக்கிறார்கள். இன்னும் அதுவே பரந்த வழி என்று தோன்றுகிறது, ஏனென்றால் சில அரசுப் பணிகளுக்கு சிவில் பட்டமே கேட்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் முதுநிலைப் படிப்பு உண்டு. 2021 முதல் கேட் தேர்விலும் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்று தனித்தாள் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் வேலை என்றால் சென்னை மெட்ரோ வாட்டர், குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நகராட்சிகள். தனியார் பக்கம் தோல், சாயம், மருந்து, வாகன ஆலைகளின் ஈடிபி, அதாவது ஆலைக் கழிவுநீர் நிலையம். புதிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதும் ஆலோசனை நிறுவனங்களும் இருக்கின்றன. அந்த மதிப்பீட்டுக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தை நடத்த விரும்புகிறவரே என்பதால், அங்கே வேலைக்குப் போகிறவருக்கு எண்களை மாற்றி எழுதாத உறுதி வேண்டும். ஆய்வு என்றால் நாக்பூரில் 1958இல் தொடங்கிய நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அதற்குச் சென்னையிலும் ஒரு மண்டல மையம் உண்டு. ஆரம்பச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்கள் அளவுக்கு இருப்பது அரிது, இதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. நாற்றத்தோடும் இரவு நேர பம்ப் பழுதுகளோடும் பழக வேண்டியிருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிஓடி குப்பிகள் வைக்கும் இன்குபேட்டர் ஓடுகிறதா, அதற்குள் இந்த வாரத் தேதி எழுதிய குப்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லூரி விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்று அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தொட்டியையே காட்டினால், அங்கே தயங்காமல் சேரலாம்.